சடை நாய்க்கு மொட்டை எதற்கு?

வலப்பனைப் பக்கத்து லயங்களைச் சுற்றித் திரியும் நாய்களில் பெரும்பாலானவை குட்டை முடி ஊர் நாய்கள். அவற்றின் முடியைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை. தானே வளர்ந்து தானே உதிர்ந்துவிடும். சிக்கல் சடை நாய்களிடம்தான். ராகலைக் கடைத்தெரு வீடுகளிலும், நில்தண்டாஹின்ன, ஹல்கிரானோயா பக்கத்துத் தோட்டங்களிலும் வளரும் பொமரேனியன் கலப்பு, லாசா கலப்பு, ஜேர்மன் ஷெப்பர்ட் கலப்பு, பங்களாக்களில் இன்னும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் டெரியர் என்று எதுவானாலும், முடி நீண்டு சிக்குப் பிடித்தால் வைத்தியம் ஒன்றுதான்: மெசினை எடுத்து மொட்டை அடிப்பது. மனிதத் தலைக்கு வாங்கிய சார்ஜ் மெசினே நாய்க்கும் போதும் என்றாகிவிட்டது. வெயிலுக்கு நல்லது, உண்ணி பிடிக்காது, குளிப்பாட்ட லேசு என்று மூன்று காரணம் சொல்வார்கள். மூன்றாவது உண்மை. முதல் இரண்டும் நிற்காது. பல நாய்களுக்கு மெசினைவிட விரலும் சீப்புமே பொருத்தம், அதிலும் இந்த மலையில் இன்னும் பொருத்தம் என்பது என் வாதம்.

நாய் முடி என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அது ஒரே பொருள் இல்லை. 80 இனங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து 2009இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு, நாய்களின் முடி வேறுபாடுகளில் மிகப் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்களைக் கொண்டு விளக்கியது. எஃப்ஜிஎஃப்5 நீளத்தைத் தீர்மானிக்கிறது, கேஆர்டி71 சுருளை, ஆர்எஸ்பிஓ2 கம்பி போன்ற முரட்டு முடியையும் அதோடு வரும் மீசை, தாடி, புதர்ப் புருவத்தையும். இவற்றின் சேர்க்கை மாறும்போது முடியின் தோற்றம் மாறுகிறது. நமக்கு இங்கே தோற்றத்தைவிட முக்கியமானது முடியின் வாழ்க்கைச் சுற்று. பூடில் நாயின் முடி நம் தலைமுடியைப் போல நெடுங்காலம் வளர்ந்துகொண்டே இருக்கும், வெட்டாவிட்டால் நிற்காது. ஆனால் பெரும்பாலான நாய்களின் முடி ஒரு நீளம்வரை வளர்ந்து நின்றுவிடும். பிறகு வேர்ப்பையில் சும்மா உட்கார்ந்திருக்கும். புது முடி கீழிருந்து கிளம்பும்போது பழையது கழன்று விழும். இவற்றில் பல நாய்களுக்கு உடலில் இரண்டு அடுக்கு: வெளியே மழையையும் முள்ளையும் தாங்கும் தடித்த காவல் முடி, உள்ளே சூட்டைக் காக்கும் பஞ்சு முடி. வளர்ந்துகொண்டே போகும் முடியை வெட்டலாம். வளர்ந்து நின்று, கழலக் காத்திருக்கும் முடியை வெட்டினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

அதற்கு நல்ல சாட்சி கம்பி முடி டெரியர்கள். ஸ்கொட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் நரியையும் நீர்நாயையும் வளைக்குள் துரத்தப் பழக்கிய நாய்கள் இவை. இந்த மலையில் அவை தோட்டத் தொரைமாரின் பங்களாக்களுக்கு உரியவை. டெரியரின் காவல் முடி நுனியிலிருந்து கீழ்நோக்கி நெடுந்தூரம் தடித்து, கடினமாக, நிறம் ஏறி இருக்கும். வேரை நெருங்க மெலிந்து வெளுத்துப் போகும். மெசின் வெட்டித் தள்ளுவது தடித்த பகுதியை. மிஞ்சுவது மெல்லிய அடிப்பகுதியும் உள்ளே இருந்த பஞ்சும். செத்த முடியின் அடிக்கட்டை வேர்ப்பையிலேயே தங்கிவிடும். நான்கைந்து முறை இப்படி வெட்டிய பிறகு நாயின் முதுகைத் தொட்டுப் பார்த்தால் தெரியும்: கம்பி போய்ப் பஞ்சு வந்திருக்கும், கறுப்பு சாம்பலாகியிருக்கும், ஈரம் உள்ளே இறங்கிவிடும். மெசினுக்குப் பதிலாகக் கையால் எடுக்கும்போது பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சில முடிகளை மட்டும் பிடித்து, வழுக்காமல் இருக்கச் சோக்குத் தூள் தடவி, முடி வளரும் திசையிலேயே இழுக்கிறார்கள். கழலத் தயாரான முடி வேரோடு வரும். அந்த இடத்தில் புதுக் கம்பி முடி முளைக்கும். கொழுந்து எடுக்கும் கைக்கும் கத்தரிக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்த ஊருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கத்தரி ஒரு மட்டத்தில் இருப்பதையெல்லாம் வெட்டும். விரல் பக்குவமானதைத் தேர்ந்து எடுக்கும்.

இதெல்லாம் நாய்க் கண்காட்சிக்காரரின் அலங்காரம் என்று சொல்பவர் உண்டு. கண்காட்சியில் கம்பி முடி கம்பியாகவே இருக்க வேண்டும் என்று பார்ப்பது உண்மைதான். ஆனால் கண்காட்சிகள் வருவதற்கு முன்பே அந்த முடி வேலை செய்துகொண்டிருந்தது. முட்புதருக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வரும் நாயின் செத்த முடியில் ஒரு பங்கைப் புதரே பிடுங்கிக்கொண்டது. வீட்டு வாசலில் கட்டிப்போட்டு வளர்க்கும் நாய்க்கு அந்த வேலையை மனிதக் கை செய்கிறது.

இன்னும் கனமான ஆட்சேபம் வலி பற்றியது. முடியைப் பிடுங்குவது என்றாலே நமக்குக் கண்ணில் நீர் வருகிறது, நம் தலைமுடியை நினைத்துக்கொள்வதால். நம் தலையில் எந்த நேரத்திலும் பெரும்பாலான முடிகள் வளர்ந்துகொண்டிருப்பவை. வேர் உயிரோடு பிடித்திருக்கும். டெரியரின் முதிர்ந்த முடியில் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. ஆனாலும் இந்தப் பதிலை அளவோடுதான் சொல்ல வேண்டும். பக்குவமாகாத முடியை இழுத்தால் வலிக்கும். காதோரம், வயிறு, தொடை இடுக்கு ஆகிய மெல்லிய தோலில் அனுபவமில்லாத கை படுவது கொடுமை. இழுத்த பிறகு அழுக்குத் தண்ணீரிலோ பழைய ஷாம்புவிலோ குளிப்பாட்டினால் திறந்திருக்கும் வேர்ப்பைகளில் கிருமி ஏறிச் சீழ்க் கொப்புளங்கள் வரலாம். ஆகவே நாய் துள்ளினால், தோல் சிவந்தால் நிறுத்திவிட வேண்டும். நாய் தூங்கி வழிந்துகொண்டே இருந்தால் சரியான நேரத்தில் சரியான முடியை எடுக்கிறோம் என்று பொருள். மெசினும் வலியில்லாத கருவி இல்லை. சூடேறிய பிளேடு தோலைச் சுடும். சிக்கோடு சேர்த்து ஓட்டினால் காது மடலையும் கீறும்.

ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்துச் செய்பவர்கள் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு முறை, இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் முடி எடுக்கச் சொல்லும் அட்டவணைகள் குளிர் நாட்டுக்கானவை. நாயின் முடி உதிர்வுக்குப் பெரிய கடிகாரம் பகல் வெளிச்சத்தின் நீளம். ஸ்கொட்லாந்தில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் பத்து மணிநேரத்துக்கு மேல் வித்தியாசம். நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகை வடக்கே இருக்கும் வலப்பனையில் அந்த வித்தியாசம் ஒரு மணிநேரம்கூட இல்லை. ஆகவே இங்கே நாய்கள் குறித்த மாதத்தில் மொத்தமாகச் சொரியாமல், வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகவே உதிர்க்கின்றன. நாட்காட்டியைப் பார்ப்பதில் பயனில்லை; முதுகில் நாலு முடியை மெல்ல இழுத்துப் பார்த்து, சுலபமாக வந்தால் தொடங்க வேண்டியதுதான். வாரம் பத்துப் பதினைந்து நிமிடம், ஒவ்வொரு முறையும் முதிர்ந்ததை மட்டும் எடுத்தால் போதும். ஒரு டெரியரை முழுதாகக் கையால் உரிக்க மணிக்கணக்கில் ஆகும், எந்தத் தோட்டக் குடும்பத்துக்கு அவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்பவருக்கும் இதுவே பதில்.

இனி வெயில். ராகலையில் இருப்பவர் வெயிலுக்காக நாயை மொட்டை அடிக்கிறார் என்றால் அது வேடிக்கை. மாலையானால் அவரே ஸ்வெட்டர் தேடுகிறார். மகாவலிப் பக்கம் இறங்கும் கீழ் வலப்பனைக்கு மட்டும் கேள்வி பொருந்தும். அங்கும் நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துச் சூட்டைத் தணிப்பதில்லை. வியர்வை பாதத்தில்தான், சூடு தணிவது நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைப்பதில். முடி எடுத்த தோலில் வெயில் நேராக விழும். சீவிய இரண்டடுக்கு முடிக்குள் காற்று நின்று சூட்டைத் தடுக்கும். சிக்குப் பிடித்த முடிக்குள்தான் காற்று போகாது, ஆகவே உண்மையான எதிரி சிக்கும் செத்த பஞ்சும். அதைச் சீப்பால் எடுத்தால் மொட்டைக்கு வேலையில்லை. மொட்டையின் விலை தெரியாமல் பலர் அடிக்கிறார்கள். லாப்ரடாருக்கே வெட்டிய முடி பழைய நீளத்துக்கு வர மூன்று மாதத்துக்கு மேலாகிறது. பொமரேனியன், ஹஸ்கி, சௌசௌ போன்ற பஞ்சடர்ந்த நாய்களில் வெட்டிய இடத்தில் முடி முளைக்காமலே நின்றுவிடுவதும் உண்டு. ஆறு மாதம், ஒரு வருடம், சில நாய்களுக்கு அதற்கும் மேல். அப்படி ஒரு நாய் வடகீழ்ப் பருவ மழையில், கார்த்திகை மார்கழியில், உடப்புசல்லாவ மலைச்சாரலில் வாசலில் படுத்திருப்பதை நினைத்துப் பார்த்தால் போதும்.

உண்ணி விஷயத்தில் கண்ணெதிரே சான்று இருக்கிறது. குட்டை முடி ஊர் நாய்களில் உண்ணி இல்லையா என்ன? உண்ணி கூட்டமாகத் தங்குவது காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் கழுத்திலும். முதல் இரண்டு இடங்களில் மெசின் போவதே இல்லை. முடி குறைந்தால் உண்ணியைக் கண்டுபிடிக்க லேசு என்பதை ஒப்புக்கொள்ளலாம், அதற்கு மேல் எதையும் ஒப்புக்கொள்ள முடியாது. உண்ணி பரப்பும் பபீசியா என்னும் ஒட்டுண்ணியால் வந்து நாயைச் சோகை பிடிக்க வைத்துக் கொல்லக்கூடிய உண்ணிக் காய்ச்சல் இலங்கையில் சாதாரண நோய். அதற்கு வேண்டியது மிருக வைத்தியர் சொல்லும் உண்ணி மருந்தும், சீப்போடு காதையும் பாதத்தையும் தினமும் பார்ப்பதும். மெசின் ஓட்டியதும் உண்ணிப் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நம்பி மருந்தை நிறுத்துபவர்தான் நாயை ஆபத்தில் தள்ளுகிறார்.

மெசினே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பூடில், ஷீட்சூ, லாசா ஆகியவற்றின் முடியை வெட்டலாம், வெட்டத்தான் வேண்டும். அங்கே பிடுங்குவது வீண் வதை. தோலோடு ஒட்டிச் சடை விழுந்த எந்த நாய்க்கும் மெசின்தான் இரக்கமுள்ள கருவி. பல மணிநேரம் நிற்க முடியாத கிழ நாய்க்கும், தோல் நோய்க்கு மருந்து தடவ வேண்டிய நாய்க்கும் அப்படியே. பஞ்சை முதலில் பல் நெருங்கிய சீப்பால் இழுத்தெடுத்துவிட்டு மேலே மட்டும் மெசின் ஓட்டும் நடுவழியும் உண்டு. கம்பி முடியின் தன்மை முழுதாக மிஞ்சாது, ஆனால் வெறும் மொட்டையைவிட எவ்வளவோ மேல்.

கடைசியாக ஒரு சங்கடம். கருத்தடை செய்த நாய்களில் பலவற்றுக்கு ஹோர்மோன் மாற்றத்தால் முடி மென்மையாகிப் பஞ்சு பெருகும்; கையால் இழுத்தாலும் சுலபமாகக் கழலாது. கைமுறையே சரி என்று இவ்வளவு நேரம் வாதாடியவருக்கு இது இக்கட்டான இடம்தான். ஆனால் தெரு முழுக்கக் குட்டிகள் அலைவதும் விசர்நாய்க்கடி நோயும் இன்னும் கவலையாக இருக்கும் நாட்டில், முடியின் அழகுக்காகக் கருத்தடையைத் தள்ளிப்போட ஒருவர் நினைத்தால் அந்த யோசனையைக் கைவிட வேண்டும். கருத்தடை நடக்கட்டும். அதன் பிறகு முடி கைக்கு வராவிட்டால், முதலில் சீப்பு, பிறகு தோலை விட்டு இரண்டு விரல் உயரத்தில் கத்தரிக்கோல்.