நந்தி மலை அடிவாரத்தில் சிவப்பு ஒயின்

நந்தி மலை என்றதும் பெங்களூர்த் தமிழர்களுக்கு நினைவு வருவது திப்பு சுல்தானின் கோடை மாளிகையும், ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பனியும்தான். பாலாறும் தென்பெண்ணையும் பிறக்கும் வட்டாரம் இது என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால், 1,478 மீட்டர் உயரமுள்ள இந்த மலையின் அடிவாரத்தில் நல்ல சிவப்பு ஒயின் தயாராவது தெரிந்தவர்கள் குறைவு. ஒயின் என்றால் நாசிக் என்பதே பேச்சு!

இந்த மண்ணுக்குத் திராட்சை புதிதல்ல. தடித்த தோலும் கொட்டையும் உள்ள கருநீலப் பழமான 'பெங்களூர் ப்ளூ', 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஜூஸ், ஜாம், தித்திப்பான போர்ட் ஒயின் எல்லாம் அதிலிருந்து தயாராகின்றன. பிரெஞ்சு ரகங்கள் வந்தது பிற்பாடு. 1988-ல் கன்வல் குரோவர் என்பவர், பிரான்சு நாட்டு நிபுணர் ஜார்ஜ் வெசெல் துணையுடன், தொட்டபள்ளாப்பூர் அருகே ஒயின் தொழிலைத் தொடங்கினார். கேபர்னே சாவிக்னான், ஷிராஸ் ஆகிய சிவப்பு ரகங்கள் இங்கே வேரூன்றின.

இரண்டு கவாத்து

பிரான்சில் குளிர்காலத்தில் கொடி உறங்கிவிடும். இங்கே அது உறங்குவதில்லை. எனவே ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். கோடையில் ஒன்று, மழை ஓயும் சமயத்தில் மற்றொன்று. பழம் பறிப்பது பிப்ரவரி, மார்ச் மாதங்களில். சுமார் 3,000 அடி உயரம் என்பதால் பகல் வெயிலில் இனிப்பு ஏறுகிறது. இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றுகிறது.

நிறம் எங்கே?

இந்தக் கருந்திராட்சையைப் பிழிந்தால் வரும் சாறுக்கு அநேகமாக நிறமில்லை. நிறம் தோலில் இருக்கிறது. ஆகவே தோலோடு சேர்த்தே சாற்றைப் புளிக்க வைக்கிறார்கள். மேலே மிதந்து வரும் தோலைத் தினமும் பல முறை சாற்றில் நனைக்க வேண்டும். பிறகு பிழிந்து வடித்து, உயர்ந்த வகைகளை ஓக் மரப் பீப்பாய்களில் வைக்கிறார்கள்.

ருசிப்பது எப்படி?

போர்ட் ஒயினின் தித்திப்பை எதிர்பார்த்துப் போகிறவர்கள் முதல் வாயில் முகம் சுளிப்பார்கள். நாவல் பழம் தின்றதும் நாக்கைப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்புதான் சிவப்பு ஒயினின் உயிர். கோப்பையை மெல்லச் சுழற்றி, முகர்ந்து, பிறகு சிறிதளவு பருக வேண்டும். கேபர்னேயில் குடமிளகாய் வாசனை தட்டுப்படலாம். ஷிராஸில் மிளகு மணக்கும். ருசி பார்த்துவிட்டுத் துப்புவது அங்கே மரியாதைக் குறைவல்ல. ஐஸ் போட வேண்டாம். லேசான குளிர்ச்சி போதும். ஆட்டுக்கறி வறுவலுக்கு நல்ல ஜோடி. காரம் மட்டும் குறைவாக இருக்கட்டும்.

எத்தனை நாளைக்கு?

வற்றாத நதி எதுவும் இல்லாத பூமி இது. போர்வெல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தே கொடிகளை வளர்க்கிறார்கள். 2008-ல் தேவனஹள்ளி விமான நிலையம் திறந்த பின், சுற்று வட்டாரத்தில் நிலத்தின் விலை ஏறியது. திராட்சைப் பந்தல் இருந்த இடங்களில் மனைக் கற்கள் முளைக்கின்றன. கொடி நட்டால் பலன் காணச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நிலத்தை விற்றால் பணம் உடனே கையில்! விவசாயி எதைத் தேர்ந்தெடுப்பார்?

பார்க்க விரும்புவோர் பழம் பறிக்கும் காலத்தில், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. ஸ்கூட்டரை வீட்டில் விட்டு, மெஜஸ்டிக்கிலிருந்து தொட்டபள்ளாப்பூர் பஸ்ஸில் போவது அதைவிட நல்லது.