ஒட்டுப்போட்ட முட்டிக்கு ஒன்பது மாதம்

அக்கா மகனுக்கு முட்டி போனது ஒரு மாட்டுப் பொங்கல் இரவில். கபடியில் ரெய்டு போனவன், எதிரணி வளைப்பதைப் பார்த்ததும் சட்டென்று வெட்டித் திரும்பினான். கால் மண்ணில் ஊன்றியபடியே நின்றுவிட்டது. உடம்பு மட்டும் திரும்பியது. யாரும் அவனைத் தொடக்கூட இல்லை. 'டப்'பென்று உள்ளே ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னான். வீடு வந்து சேர்வதற்குள் முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

மறுநாள் காலையில் பக்கத்து ஊர்ப் பெரியவர் எண்ணெய் போட்டு நீவிவிட்டார். அதற்கு மறுநாள் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். நிம்மதியாகத் திரும்பி வந்தோம். பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகின்றன. நம் ஆட்கள் 'ஜவ்வு' என்று சொல்வது எக்ஸ்ரேயில் தெரியாது. மருத்துவர் முட்டியை மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்; எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதி செய்ய வேண்டும். திரும்பும்போது சத்தம் கேட்டது, சில மணி நேரத்துக்குள் வீங்கியது, பிறகு நடக்கும்போது முட்டி நழுவுகிறது என்ற மூன்றும் சேர்ந்தால் முன்சிலுவை ஜவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படி வீங்கிய முட்டிக்குள் பெரும்பாலும் இரத்தம் கட்டியிருக்கும். அதை நீவுவதும் சுளுக்கு எடுப்பதும் கேடு. பெரியவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவரிடம் கூட்டிப்போனது நாங்கள்தான்.

ஒருவழியாக ஜவ்வுதான் என்று தெரிந்து, மார்ச் மாதம் அறுவை சிகிச்சை நடந்தது, நல்லபடியாகவே நடந்தது. ஜூலைக் கடைசியில் வீட்டுக்குள் தாவித் தாவி நடந்தான். "மாமா, வலியே இல்ல மாமா" என்றான். ஆடித் திருவிழாவுக்கு ஊரில் கபடி. குழுத் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஒரே ஒரு மேட்ச்சுதான் தம்பி, நீ-கேப் போட்டுக்க." நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டாவது ரெய்டிலேயே அதே முட்டி, அதே சத்தம். இந்த முறை வைத்த ஜவ்வோடு, மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு வட்டும் கிழிந்தது.

வலி இல்லாத முட்டி எப்படி இரண்டாம் முறை கிழிந்தது? கிழிந்த ஜவ்வைத் தைத்து ஒட்டுவது அரிது. தொடையின் பின்புறத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ தசைநாணை எடுத்து, எலும்பில் துளை போட்டு, அதில் கோத்து, திருகு வைத்து இறுக்குகிறார்கள். வைத்த அன்று அது உயிரோட்டம் இல்லாத வெறும் கயிறு. பிறகுதான் உடம்பு அதற்குள் இரத்தக் குழாய்களை அனுப்பி, பழைய இழைகளைக் கரைத்துப் புதிய இழைகளைக் கட்டுகிறது. அந்த வேலை நடக்கும் முதல் 2, 3 மாதங்களில் ஜவ்வு வைத்த நாளில் இருந்ததைவிடவும் பலவீனமாகிவிடுகிறது. பிறகு மெல்ல மெல்லத்தான் வலுவேறும். முழுக்க முதிர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். வலியும் வீக்கமுமோ முதல் சில மாதங்களிலேயே வடிந்துவிடுகின்றன. ஒட்டு மாங்கன்று கட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். மேலே பார்த்தால் காயம் மூடியதுபோல் இருக்கும்; அவசரப்பட்டுக் கட்டை அவிழ்த்து அசைத்தால் கையோடு வந்துவிடும்.

2016-இல் வெளியான நார்வே, அமெரிக்கக் கூட்டு ஆய்வு ஒன்று இதை எண்ணிக் காட்டியது. இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் ஆட்டத்துக்குத் திரும்புவதை 9 மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும், முட்டியில் மீண்டும் காயம் படும் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 25 வயதுக்குள் இருப்பவர்கள் ஆட்டத்துக்குத் திரும்பினால் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அதே காலிலோ மறுகாலிலோ ஜவ்வு மீண்டும் கிழிகிறது என்பது இன்னொரு தொகுப்பாய்வின் கணக்கு. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் இந்த வயதுதான்.

மாதக் கணக்கு மட்டும் போதாது. இரண்டாவது அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவனைப் பிசியோவிடம் கூட்டிப்போகும்போதெல்லாம் நானும் உடன் இருந்தேன். அங்கே இருந்தவர் தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப்பை எடுத்து, முட்டிக்கு மேலே பேனாவால் ஒரு புள்ளி வைத்து, இரண்டு தொடையையும் சுற்றி அளந்தார். அறுவை செய்த காலின் தொடை 3 சென்டிமீட்டர் குறைவு. பேன்ட் போட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. பிறகு தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து, ஒற்றைக் காலில் தாவச் சொன்னார். நல்ல கால் ஒன்றரை மீட்டர் தாண்டியது. மற்ற கால் ஒரு மீட்டரைத் தொடவில்லை. இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. "முட்டி இப்படிச் சாயுற வரைக்கும் களம் கிடையாது" என்றார். தொடை வலுவிலும் தாவலிலும் நல்ல காலுக்கு 90 சதவீதமாவது வர வேண்டும், வெட்டித் திரும்பும்போது முட்டி நேராக நிற்க வேண்டும், 9 மாதமும் தாண்டியிருக்க வேண்டும். இந்த மூன்றும் நிறைவேறினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார். அந்தக் கையெழுத்து இல்லாமல் உங்கள் பிள்ளையை ஆட அனுப்பாதீர்கள்.

பெரிய ஆட்டக்காரர்கள் சீக்கிரம் வந்துவிடுகிறார்களே என்று கேட்பார்கள். கிரிக்கெட் வீரர் பும்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் முதுகுக் காயத்தால் ஆசியக் கோப்பையைத் தவறவிட்டார். செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் திரும்பினார். சில நாட்களிலேயே முதுகு மறுபடி மக்கர் செய்தது. டி20 உலகக் கோப்பை போயிற்று. 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஆகஸ்ட் வரை பொறுத்திருந்து அயர்லாந்தில் அணித்தலைவராகத் திரும்பினார். 2024 டி20 உலகக் கோப்பையின் தொடர் நாயகன் அவர்தான். அத்தனை மருத்துவர்களும் ஸ்கேன்களும் சூழ இருந்தவருக்கே அவசரம் ஒத்துவரவில்லை. நம் பிள்ளைக்கு இருப்பது ஒரு க்ரேப் பேண்டேஜும் ஒரு ஸ்பிரே டப்பாவும்.

ஸ்பிரே என்றதும் ஊசியும் நினைவுக்கு வருகிறது. மேட்ச்சுக்கு முன் மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு இறங்குபவர்கள் உண்டு. ஊசி காயத்தை ஆற்றுவதில்லை. நிறுத்து என்று உடம்பு சொல்வதைக் காதில் விழாமல் செய்கிறது. மூட்டுக்குள் போட்டாலும் குளுக்கோகார்டிகாய்டு வகை ஸ்டீராய்டு ஊசி 2022 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டிருக்கிறது. முன் அனுமதி இல்லாமல் போட்டுக்கொண்டு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் முட்டியோடு பெயரும் போகும்.

தலையில் அடிபட்டால் நிலைமை இன்னும் அவசரம். தலை சுற்றல், வாந்தி, மறதி, மங்கலான பார்வை, இதில் எது இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை களம் கிடையாது. முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. சர்வதேசக் கிரிக்கெட்டில் 2019 முதல் தலையில் அடிபட்டவருக்கு மாற்று ஆட்டக்காரரை இறக்க அனுமதிப்பது இதனால்தான்.

இனி உரிமைகள். பயிற்சியாளரோ பி.டி. மாஸ்டரோ குழுத் தலைவரோ, காயம் பட்டவன் ஆடத் தகுதியானவன் என்று சொல்ல மருத்துவர் அல்ல. மாட்டேன் என்று சொல்ல ஆட்டக்காரருக்கு முழு உரிமை உண்டு. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்கும் உண்டு. அதை வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகள், ஆடாவிட்டால் விடுதியும் உதவித்தொகையும் போய்விடும் என்று பயந்தே களத்தில் இறங்குகிறார்கள். எத்தனை மாதம் ஆடக்கூடாது என்று மருத்துவரிடம் சான்று வாங்கி, ஒரு கடிதத்தோடு உடற்கல்வி இயக்குநரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு இருக்கும் 3 சதவீத ஒதுக்கீடு ஒரு மேட்ச்சால் கிடைப்பதில்லை, ஒரு மேட்ச்சைத் தவறவிட்டதால் போவதுமில்லை.

அறுவை சிகிச்சைக்கு முன் என்ன செய்யப் போகிறார்கள், வேறு வழி உண்டா, என்ன ஆபத்து என்பதையெல்லாம் விளக்கிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது எந்த வாரம் எந்தப் பயிற்சி, எப்போது ஓடலாம், எப்போது ஆடலாம் என்பதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவர் சொன்னதைக் கேட்காமல் ஆடி முட்டி மீண்டும் கிழிந்தால் எந்தச் சட்டமும் துணைக்கு வராது. ஆனால் சொல்லவே இல்லையென்றால், சிகிச்சையில் கவனக்குறைவு இருந்தால், கதை வேறு. கட்டணம் வாங்கிய மருத்துவமனை மீது, அந்தக் கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனமே கட்டியிருந்தாலும், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு அந்த வழி பொருந்தாது. மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர் முழங்கால் ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பின் காலையும், அடுத்து உயிரையும் இழந்தார். கட்டு அளவு மீறி இறுகி இரத்த ஓட்டம் தடைபட்டதே காரணம் என்று சொல்லப்பட்டது. இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அறுவைக்குப் பின் விரல்கள் மரத்துப்போனால், சில்லிட்டால், நிறம் மாறினால், மருந்துக்கும் அடங்காத வலி என்றால், காலை வரை காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் மருத்துவரை எழுப்புங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. உங்கள் மருத்துவமனையில் இந்த அறுவை சிகிச்சை அதில் வருமா என்று முன்கூட்டியே கேளுங்கள். எண் 1800 425 3993. ஆனால் பெரும்பாலும் குடும்பத்தை உடைப்பது அறுவைச் செலவல்ல. பிசியோவுக்கு வாரம் மூன்று நாள் பஸ் செலவு, கூட வருபவருக்கு அன்றைய கூலி நட்டம். இரண்டாம் மாதமே பலர் நின்றுவிடுகிறார்கள். தொடை வலுவேறாமலேயே களத்துக்குத் திரும்புகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி கட்டணமின்றிக் கிடைக்கும். நேரில் தினமும் போக முடியாதவர்கள், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை எழுதி வாங்கிக்கொண்டு மாதம் இருமுறையாவது காட்டி வாருங்கள். பரிசுக் கோப்பைக்கு வசூல் செய்யும் ஊர்க் குழுக்கள், காயம் பட்ட பையனின் பஸ் செலவுக்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்கலாம்.

அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு உங்கள் ஊரிலும் குழுத் தலைவர் யார் வீட்டுத் திண்ணைக்காவது வருவார். ஒன்பது மாதம் முடியவில்லை, பிசியோ கையெழுத்துப் போடவில்லை என்றால், பையன் பதில் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் நீங்கள், வேண்டாம் என்று வாய்திறந்து சொல்லுங்கள்.