கப்பல் ஏறும் முன் கணக்குப் போடுங்கள்!

விடுமுறை நெருங்கினால் போதும், நண்பர்களின் புலனக் குழுக்களில் உல்லாசக் கப்பல் விளம்பரங்கள் வலம் வரத் தொடங்கிவிடும். 'கரிபியன் கடலில் ஏழு இரவு', 'சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட்', 'இன்றே முன்பதிவு செய்தால் பாதி விலை' என்றெல்லாம் வண்ணப் படங்களோடு அவை வரும். ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்தால் உண்மையிலேயே மலிவாகக் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் மொத்தச் செலவு எவ்வளவு, எந்தத் தேதிக்குப் பிறகு கட்டிய பணம் திரும்ப வராது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டு பதிவு செய்பவருக்கே அந்த மலிவு நிலைக்கும்.

பகுதி நேர வேலை செய்து சேர்த்த பணத்தையோ பெற்றோர் கொடுத்த பணத்தையோ முன்பணமாகக் கட்டப்போகும் மாணவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. ஆகவே, கப்பல் ஏறுவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பாடம் படிப்போம்.

கரிபியனா, பாலத்திற்கு அப்பாலா?

உலகில் உல்லாசக் கப்பல்கள் மிக அதிகமாக ஓடும் கடல் கரிபியன்தான். மயாமி, ஃபோர்ட் லாடர்டேல் போன்ற புளோரிடா துறைமுகங்களிலிருந்து பல நிறுவனங்களின் கப்பல்கள் புறப்படுகின்றன. போட்டி அதிகம் என்பதால் கப்பல் கட்டணம் சில வேளைகளில் வியக்கும் அளவுக்குக் குறையும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே சூறாவளிப் பருவம். அந்த மாதங்களில், குறிப்பாகப் பள்ளி திறந்த பிறகு வரும் செப்டம்பர், அக்டோபரில், விலை இன்னும் இறங்கும்.

ஆனால் ஜொகூர் மாணவருக்கு அந்தக் கட்டணம் செலவின் ஒரு பகுதி மட்டுமே. புளோரிடாவுக்குப் போய்ச் சேரவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். விமானக் கட்டணம் கப்பல் கட்டணத்தைத் தாண்டிவிடலாம். மலேசியக் குடிமக்களுக்கு அமெரிக்க விசாவும் தேவை. அதற்கான 185 அமெரிக்க டாலர் விண்ணப்பக் கட்டணம், விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது. வயது விதியும் உண்டு. எடுத்துக்காட்டாக, ராயல் கரிபியன் நிறுவனத்தின் வட அமெரிக்கப் பயணங்களில் ஓர் அறைக்கு ஒருவராவது 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 19 வயது நண்பர்கள் நால்வர் தனியாகப் பதிவு செய்ய இயலாது.

நமக்கு அருகிலேயே இன்னொரு கப்பல் வாசல் இருக்கிறது. ஜொகூர்பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924-இல் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. அதைக் கடந்து சென்றால், 2012-இல் திறக்கப்பட்ட மரீனா பே கப்பல் நிலையம் உள்ளது. இங்கிருந்து பினாங்கு, கிள்ளான் துறைமுகம், புக்கெட் என மலாக்கா நீரிணை வழியாகக் குறுகிய பயணங்கள் கிடைக்கின்றன. விமானக் கட்டணம் இல்லை, மலேசியருக்கு சிங்கப்பூர் விசாவும் தேவையில்லை. வெளிநாட்டுப் பயணிகள் விமானத்தில் வந்து ஏறும் துறைமுகத்திற்கு நாம் பேருந்தில் போய்விடலாம். ஜொகூர்வாசிகளுக்குக் கிடைத்துள்ள பெரிய அனுகூலம் இது.

தாத்தா பாட்டி வந்த கடல்வழி

பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்ற இந்த வழி நம் குடும்பங்களுக்குப் புதியதல்ல. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பல், சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டுப் பினாங்கு, அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. அதற்குப் பின் வந்தது 'எம்.வி. சிதம்பரம்'. 1985-இல் அதில் ஏற்பட்ட தீ விபத்தோடு அந்தப் பயணிகள் கப்பல் சேவையும் முடிவுக்கு வந்தது. ரஜுலாவில் பெரும்பாலோர் அறை இல்லாமல் தளத்திலேயே பாய் விரித்துப் பயணம் செய்தவர்கள். பிழைப்புக்காகக் கப்பல் ஏறியவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று அதே நீரிணையில் விடுமுறைக்குப் போக முடிகிறது.

உல்லாசக் கப்பல் தொழிலிலும் மலேசியாவுக்குப் பங்கு உண்டு. கெந்திங் குழுமம் 1993-இல் ஸ்டார் குரூசஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. பிற்பாடு அந்தக் கப்பல் தொழிலை நடத்திய கெந்திங் ஹாங்காங் நிறுவனம், கோவிட் பாதிப்பால் 2022 ஜனவரியில் கலைப்பு நடவடிக்கைக்குச் சென்றது. அதே ஆண்டு ஜூனில் ரிசோர்ட்ஸ் வேர்ல்டு குரூசஸ் என்ற புதிய பெயரில் 'கெந்திங் டிரீம்' கப்பல் சிங்கப்பூரிலிருந்து மீண்டும் புறப்பட்டது. இந்த வரலாற்றில் முன்பதிவு செய்வோருக்கு ஒரு பாடம் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

விலை ஏன் ஏறி இறங்குகிறது?

கப்பல் புறப்பட்ட பிறகு காலியாக இருக்கும் அறையை யாருக்கும் விற்க முடியாது. அறை நிறைந்தாலும் காலியாக இருந்தாலும் எரிபொருளும் ஊழியர் சம்பளமும் ஏறத்தாழ அதேதான். அதனால் நிறுவனங்கள் ஓராண்டுக்கும் மேலாக முன்னதாகவே விற்பனையைத் தொடங்கி, குறைந்த விலையில் சில அறைகளை விற்றுவிடப் பார்க்கின்றன. அறைகள் நிறைய நிறைய விலை ஏறும். கடைசி நேரத்திலும் அறைகள் மீதமிருந்தால் மறுபடி இறங்கலாம்.

'அப்படியானால் கடைசி வாரம்வரை காத்திருக்கலாமே' என்று தோன்றும். துறைமுகத்திற்குப் பக்கத்தில் வசிக்கும், எந்தத் தேதியிலும் போகக்கூடிய ஒருவருக்கு அது சரிப்பட்டு வரலாம். தேர்வு அட்டவணைக்குக் கட்டுப்பட்ட மாணவர் குழுவுக்குச் சரிப்படாது. காரணம் இதுதான்: ஓர் அறையை நால்வர் பகிர்ந்தால் மூன்றாவது, நான்காவது நபருக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவு. ஆனால் நான்கு படுக்கை கொண்ட அறைகள் எல்லாக் கப்பல்களிலும் குறைவாகவே உள்ளன. அதோடு, உயிர்காப்புப் படகுகளில் இடமுள்ள அளவுக்கு மட்டுமே கப்பல் ஆட்களை ஏற்ற முடியும். 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பின் உருவான அனைத்துலகப் பாதுகாப்பு விதிகளின் கண்டிப்பு அது. ஆகையால் அறைகள் காலியாக இருக்கும்போதே 'மூன்றாவது, நான்காவது நபருக்கு இடமில்லை' என்ற பதில் வரலாம். நால்வராகப் போக விரும்பினால் முந்திக்கொள்வதுதான் நல்லது.

நாளும் விலையை மாற்றும். ஜொகூரில் 2025 ஜனவரி முதல் வார ஓய்வு நாள்கள் சனி, ஞாயிறு என மாறிவிட்டதால், நம் வார இறுதியும் சிங்கப்பூரின் வார இறுதியும் ஒன்றாகிவிட்டன. வெள்ளிக்கிழமை புறப்படும் பயணத்திற்கு அங்கும் இங்கும் கிராக்கி. கல்லூரி விடுமுறையில் இருப்பவர்கள் ஞாயிறு அல்லது திங்கள் புறப்பாட்டைப் பார்க்கலாம். இரு நாடுகளின் பள்ளி விடுமுறைகளையும் தவிர்த்தால் இன்னும் குறையும்.

விளம்பர விலையும் உண்மைச் செலவும்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகை பொதுவாக, இருவர் தங்கும் சன்னலில்லாத உள்ளறைக்கு ஒரு நபருக்கான கட்டணம். தனியாகப் போனால் ஏறக்குறைய இருவர் கட்டணத்தைக் கொடுக்க நேரிடும். துறைமுகக் கட்டணமும் வரியும் தனி. ஊழியர்களுக்கான அன்பளிப்பு என்று ஒரு நபருக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என வசூலிக்கப்படும். இணையச் சேவை, சில பானங்கள், சிறப்பு உணவகங்கள், கரைச்சுற்றுலா எல்லாம் கூடுதல் செலவு.

கணக்குப் புரிவதற்காக மட்டும் சில கற்பனைத் தொகைகளை எடுத்துக்கொள்வோம். மூன்று இரவுப் பயணத்திற்கு விளம்பரத்தில் ஒருவருக்கு 700 ரிங்கிட் என்று இருக்கிறது. துறைமுகக் கட்டணமும் வரியும் 250. அன்பளிப்பு 200. போக்குவரத்து 50. காப்புறுதி 50. கரையில் கைச்செலவு 100. மொத்தம் 1,350 ரிங்கிட். விளம்பர விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு! இதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பத்து மாதங்களுக்கு முன்பே திட்டமிட்டால் மாதம் 135 ரிங்கிட் சேர்த்தால் போதும். இரண்டு மாதங்களுக்கு முன் விழித்தால் மாதம் 675 வேண்டும். முன்கூட்டியே முடிவெடுப்பதன் பெரிய லாபம் இங்கேதான் இருக்கிறது. அந்த 675-ஐத் தேடிப் பிடிபிடிஎன் கடனிலோ, 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' செயலியிலோ கை வைக்க வேண்டிய நிலை வராது.

கட்டணம் சிங்கப்பூர் வெள்ளியிலா ரிங்கிட்டிலா என்றும் பாருங்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளி 3 ரிங்கிட்டுக்கு மேல். கப்பலில் செய்யும் சின்னச் செலவும் நம் கணக்கில் மூன்று மடங்குக்கு மேலாகும்.

கரையில் மிச்சம் பிடிக்கவும் வழி உண்டு. பினாங்கில் கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் படகுத்துறை ஜார்ஜ்டவுனின் விளிம்பிலேயே இருக்கிறது. லிட்டில் இந்தியாவும், 1833-இல் கட்டப்பட்ட குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலும் நடந்து போகும் தூரம்தான். கரைச்சுற்றுலாவுக்குப் பணம் கட்டாமலேயே யுனெஸ்கோ பாரம்பரிய நகரைச் சுற்றிப் பார்க்கலாம்.

மூன்று தேதிகளைக் குறித்து வையுங்கள்

முதலாவது, முன்பணம் கட்டும் நாள். அந்த முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகையா, கிடைக்காத வகையா என்று கேளுங்கள். மிக மலிவான சலுகைகளில் பல இரண்டாம் வகை.

இரண்டாவது, மீதத் தொகை கட்டும் கடைசி நாள். கரிபியன் பயணங்களில் இது பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 75 முதல் 90 நாள் முன்னதாக வரும். இங்குள்ள குறுகிய பயணங்களில் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். இந்த நாளுக்கு முன் விலை இறங்கினால், புதிய விலைக்கு மாற்றித் தர முடியுமா என்று முகவரிடம் கேட்கலாம். சில நிறுவனங்கள் இணங்கும்.

மூன்றாவது, ரத்து செய்தால் பிடித்தம் தொடங்கும் நாள். புறப்பாடு நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடி, இறுதியில் முழுத் தொகையும் போய்விடும்.

இந்த மூன்று தேதிகளோடும் உங்கள் தேர்வு அட்டவணையை ஒப்பிட்டுப் பாருங்கள். நண்பர்கள் சேர்ந்து பதிவு செய்வதானால் இன்னொரு பேச்சையும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்: ஒருவர் இடையில் விலகினால் அவர் பங்கை யார் ஏற்பது? புலனக் குழுவில் எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டால், பிறகு நட்பில் விரிசல் விழாது.

பணம் கட்டும் முன்

கெந்திங் ஹாங்காங் வரலாறு இங்கே நினைவுக்கு வர வேண்டும். பெரிய நிறுவனமும் கலைக்கப்படலாம். அப்படி நடந்தால் முன்பணம் கட்டியவர்கள் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஆகவே முன்பணம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கடன் அட்டையுள்ள பெற்றோர் வழியாகக் கட்டினால், சேவை கிடைக்காதபோது வங்கியிடம் முறையிட ஒரு வழி இருக்கும்.

முகவர் மூலம் வாங்கினால், சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் உள்ளவரா என்று சரிபாருங்கள். தனிநபர் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தேடிப் பார்க்கலாம். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் உடனே 997-ஐ அழையுங்கள். சேவைத் தகராறு என்றால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை.

கடப்பிதழ் பயணத் தேதிக்குப் பின் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். ஓராண்டுக்கு முன் பதிவு செய்யும்போது இது எளிதில் கவனத்திலிருந்து நழுவும். பதிவு செய்யும் அன்றே காலாவதித் தேதியைப் பாருங்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்கள், பெற்றோரின் ஒப்புதல் கடிதமோ உடன்வரும் பெரியவரோ தேவையா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலத்தைக் கடக்கவும் முன்பதிவு

ஜேபி சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸ் போகும் கேடிஎம் தெப்ராவ் ஷட்டில் ரயில் ஐந்து நிமிடத்தில் நீரிணையைக் கடந்துவிடும். ஆனால் விடுமுறைக் கால டிக்கெட்டுகள் சீக்கிரமே தீர்ந்துவிடும். கப்பல் தேதி உறுதியானதும் இதற்கும் நாள் குறித்துக்கொள்ளுங்கள். உட்லண்ட்ஸிலிருந்து வடக்கு-தெற்கு எம்ஆர்டி வழித்தடத்தில் கடைசி நிலையமான மரீனா சவுத் பியர்வரை மாறாமல் போகலாம். கப்பல் நிலையம் அங்கிருந்து பக்கம்தான். சிங்கப்பூர் வருகை அட்டையை, நுழைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும்.

மூவார், சிகாமட், பத்து பகாட்டிலிருந்து வருபவர்கள் முந்தைய நாளே ஜொகூர்பாருவில் உறவினர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது. பாலத்து நெரிசலுக்காகக் கப்பல் காத்திருக்காது. தவறவிட்டவருக்குப் பணமும் திரும்பாது.

இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பணம் எதுவும் கட்ட வேண்டாம். அடுத்த ஆண்டு விடுமுறைத் தேதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு பயணத்தின் முழுச் செலவையும் மேலே சொன்ன வரிசையில் ஒரு தாளில் எழுதுங்கள். மீதமுள்ள மாதங்களால் வகுத்துப் பாருங்கள். வரும் தொகையை மாதந்தோறும் உங்களால் சேர்க்க முடியுமென்றால், அந்தத் தாளைப் பெற்றோரிடம் காட்டிப் பேசத் தொடங்கலாம். முடியாதென்றால், வேறு தேதியையோ குறுகிய பயணத்தையோ வைத்து மறுபடி எழுதிப் பாருங்கள்.