அடைத்த கடன் ஏட்டில் நிற்கிறதா?

நகைக்கடனை வட்டியுடன் அடைத்து நகையை மீட்டு வந்த விவசாயிக்கு, அடுத்த பட்டத்தில் பயிர்க்கடன் கேட்கும்போது "பழைய பாக்கி இருக்கிறதே" என்ற பதில் கிடைப்பதுண்டு. பாக்கி நிற்பது சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்தின் ஏட்டில். கணக்கு முடிந்த விவரத்தை வங்கி அங்கே தெரிவிக்காவிட்டால் இப்படி நேரும். ஒரே பெயரும் தலைப்பெழுத்தும் உள்ள வேறொருவரின் கடன் இவர் தலையில் ஏறுவதும் உண்டு. ஆனால் ஜாமீன் கையெழுத்திட்ட கடன் அறிக்கையில் வந்தால் அது பிழையல்ல.

இத்தகைய நிறுவனங்கள் நாட்டில் நான்கு. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஆடிப்பட்டத்துக்குக் கடன் வேண்டுவோர் சித்திரையிலேயே அறிக்கையை வாங்கிப் பார்ப்பது நல்லது. ஏனெனில் பிழையைத் திருத்த 30 நாள் அவகாசம் உண்டு. விதைப்பு அதற்காகக் காத்திராது.

வங்கியிடமோ அந்த நிறுவனத்திடமோ எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். கடன் முடித்த ரசீது, நிலுவையில்லாச் சான்று ஆகியவற்றின் நகலை இணைத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கவேண்டும். வாய்ப்பேச்சாக மேலாளரிடம் சொல்லிவிட்டு வந்தால் நாள் கணக்குக்கு ஆதாரம் இராது. 2024 ஏப்ரல் 26 முதல், 30 நாளுக்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

"பணம் கொடுத்தால் சரிசெய்கிறேன்" என்று வரும் தரகர்களுக்கு இதில் வேலையே இல்லை. புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.