விழுந்த நகரமும் எழுந்த கோயிலும்

முதுகில் ஒரு பை, கையில் ஒரு பாஸ்போர்ட், துணைக்கு யாரும் இல்லை. இப்படிப் போலந்தின் பழைய நகரங்களைப் பார்த்துவர ஆசைப்படும் பிள்ளைகள் மயிலாப்பூரிலும் அடையாறிலும் இப்போது நிறைய இருக்கிறார்கள். விசா எப்படி, செலவு எவ்வளவு, தனியாகப் போனால் பயமில்லையா என்றெல்லாம் கேட்கிறார்கள். அங்கே போய் நின்றதும் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று மட்டும் கேட்பதில்லை. அதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசுவோம்.

முதலில் கேட்ட கேள்விகளை முடித்துவிடுகிறேன். போலந்து 2007 முதல் ஷெங்கன் வட்டத்தில் இருக்கிறது. சுற்றுலா விசாவில் 180 நாட்களுக்குள் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். ஆனால் அங்கே புழங்கும் பணம் யூரோ இல்லை, ஸ்லோட்டி. ஊருக்கு ஊர் ரயில் உண்டு. வார்சாவிலிருந்து கிராக்கோவ் இரண்டரை மணி நேரப் பயணம். டிராமில் ஏறியதும் காகித டிக்கெட்டை அங்குள்ள பெட்டியில் செருகி முத்திரை வாங்க வேண்டும், மறந்தால் அபராதம். பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைகள் திறக்காது, சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கைச்செலவு கட்டுப்பட வேண்டுமென்றால் ‘பார் மிலெச்னி’ எனப்படும் பால் உணவகங்களைத் தேடுங்கள். நம் சோமாசியை வேகவைத்தாற்போல இருக்கும் பியரோகி அங்கே மலிவாகக் கிடைக்கும். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்தது சைவம்தான் என்றாலும் மேலே பன்றிக்கொழுப்பு வறுவலைத் தூவித் தருவதுண்டு. வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவசரத்துக்கு 112.

இனி விஷயத்துக்கு வருவோம். பழைய நகரம் எதில் போய் நின்றாலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இங்கே எது விழாமல் நின்றது? எது விழுந்தது? விழுந்ததை யார் எடுத்துக் கட்டினார்கள்? கூட்டமாகப் போகிறவர்களுக்கு இதைக் கேட்க நேரம் இருக்காது. வழிகாட்டி கொடியைத் தூக்கியதும் நகர்ந்தாக வேண்டும். தனியாகப் போகிறவருக்குத்தான் ஒரு சுவரின் முன்னால் அரை மணி நேரம் நிற்கும் சுதந்திரம் இருக்கிறது.

முதல் கேள்விக்குக் கிராக்கோவ் நல்ல பாடம். 1241-இல் மங்கோலியப் படை அந்த ஊரைச் சூறையாடியது. 1257-இல் புதிதாகக் கோடு போட்டு நகரத்தை அமைத்தார்கள். அப்போது வகுத்த சந்தைச் சதுக்கம் பக்கத்துக்குச் சுமார் 200 மீட்டர் நீளத்தில் இன்றும் அப்படியே இருக்கிறது. நடுவில் துணி வியாபாரிகளின் மண்டபம், மூலையில் புனித மரியாள் தேவாலயம். அதன் உயரமான கோபுரத்திலிருந்து மணிக்கொருமுறை எக்காளம் ஊதுகிறார்கள். ராகம் பாதியில் சட்டென்று நின்றுவிடும். எதிரி வருவதை ஊதி எச்சரித்த காவலனின் தொண்டையில் அம்பு பாய்ந்ததன் நினைவு என்று ஊரார் கதை சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்த நகரம் பெரிதாக இடிபடவில்லை. 1978-இல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே இடம்பெற்றது.

அந்தச் சதுக்கத்தின் நடுவில் நிற்கும்போது நம் மயிலாப்பூர் மாட வீதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊருக்கும் ஒரு மையம் உண்டு. அவர்களுடைய மையம் சரக்கு வந்து இறங்குவதற்காக விட்ட வெட்டவெளி. நம்முடைய மையம் கோயிலும் குளமும். அதைச் சுற்றித் தேர் ஓடுவதற்காக விட்ட நான்கு வீதிகள். பங்குனிப் பெருவிழாவில் ஏழாம் நாள் தேரையும் எட்டாம் நாள் அறுபத்துமூவரையும் பார்த்தவர்களுக்கு அந்த வீதிகள் ஏன் அந்த அகலத்தில் இருக்கின்றன என்று விளக்க வேண்டியதில்லை. எதற்காக இடம் விட்டார்கள் என்று கேட்டால் ஒரு நகரம் எதை முக்கியமாக நினைத்தது என்பது தெரிந்துவிடும்.

கிராக்கோவில் இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய நகரைச் சுற்றி ‘பிளான்டி’ என்றொரு பூங்கா வளையமாக ஓடுகிறது. அங்கேதான் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, மரம் நட்டார்கள். நம் தியாகராய நகரும் இப்படி ஒன்றைத் தூர்த்து எழுந்த ஊர்தான். மயிலாப்பூருக்கு மேற்கே நீண்டு கிடந்த ஏரியை 1920-களில் வற்றவைத்துத்தான் பனகல் பூங்காவைச் சுற்றி வீதிகளைப் போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இன்றும் இருக்கிறது, ஏரி இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பக்கம் தண்ணீர் ஏன் தேங்குகிறது என்பதற்குப் பாதி விடை இதில் கிடைத்துவிடும்.

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு வார்சாவுக்குப் போக வேண்டும். 1944 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அந்த நகரத்து மக்கள் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்து எழுந்தார்கள். 63 நாள் போராடித் தோற்றார்கள். அதன் பிறகு ஜெர்மானியர்கள் ஊரைக் காலி செய்துவிட்டு, தெருத் தெருவாகக் கொளுத்தியும் வெடிவைத்தும் தகர்த்தார்கள். பழைய நகரப் பகுதியில் 85 சதவீதத்துக்கு மேல் அழிந்துபோனது. போர் முடிந்ததும் மக்கள் திரும்பி வந்து, அதே வீடுகளை அதே இடத்தில் எழுப்பத் தொடங்கினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பெலோட்டோ என்ற ஓவியர் அரசருக்காக வார்சாவின் தெருக்களை நுணுக்கமாகத் தீட்டியிருந்தார். அந்த ஓவியங்களும், கட்டடக்கலை மாணவர்கள் போருக்கு முன் எடுத்து வைத்திருந்த அளவு வரைபடங்களும் கைகொடுத்தன. அரண்மனை இருந்த இடம் மட்டும் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது. 1971-இல் தொடங்கி, மக்கள் தந்த நன்கொடையில் அதையும் எழுப்பி 1984-இல் திறந்தார்கள். இப்படித் திருப்பிக் கட்டிய பழைய நகரத்தை யுனெஸ்கோ 1980-இலேயே உலகப் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டது.

அங்கே போய்வருகிறவர்களில் சிலர், ‘எல்லாம் எழுபது வருஷத்துக் கட்டடம், இதிலென்ன பழமை’ என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். மயிலாப்பூர்க்காரர்கள் அப்படிச் சொல்லக் கூடாது. காரணம் கச்சேரி சாலையில் இருக்கிறது.

லஸ்ஸில் தொடங்கிக் கிழக்கே நடந்து பாருங்கள். லஸ் முனைக்குச் சற்று வடக்கே பிரகாச மாதா ஆலயம். ஊரார் வாயில் அது காட்டுக் கோயில். அங்குள்ள கல்வெட்டு 1516 என்று சொல்கிறது. சாலையில் நாட்டு மருந்துக்குப் பெயர்போன டப்பா செட்டி கடை வரும், மசூதி வரும், தெற்கே திரும்பினால் மாட வீதி வரும். நேரே போனால் சாந்தோம், அதற்கப்பால் கடல்.

இந்தச் சாலையின் இரு முனைகளும் ஒரே கதையின் இரண்டு பாதி. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பூம்பாவைப் பதிகம் பாடிய கபாலீச்சரம் கடலோரத்தில் இருந்தது. 1520-களில் போர்ச்சுகீசியர் சாந்தோமில் குடியேறினார்கள். அவர்கள் காலத்தில் கடற்கரைக் கோயில் மறைந்தது. பழைய கோயிலின் கல்வெட்டுத் துண்டுகள் பிற்காலத்தில் சாந்தோம் பகுதியில் கிடைத்தன. ஊர் மக்கள் உள்ளே தள்ளி இப்போதுள்ள இடத்தில் கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். நாம் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கிழக்கு ராஜகோபுரம் 1906-இல் எழுந்தது.

சாந்தோமும் அப்படித்தான். புனித தோமையாரின் கல்லறை இந்தக் கடற்கரையில் இருப்பதாக 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோவே எழுதிவைத்தார். அதன்மேல் 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் தேவாலயம் கட்டினார்கள். அதுவும் இப்போது இல்லை. வெள்ளையாக வானத்தைத் தொட்டு நிற்கும் இன்றைய கோதிக் கட்டடம் 1896-இல் எழுந்தது. கோபுரத்துக்கும் தேவாலயத்துக்கும் வயதில் பத்தாண்டுதான் வித்தியாசம்.

இந்த இரண்டு இடங்களிலும் கும்பிடுகிறவர் எவரும் கல்லின் வயதைக் கேட்டுவிட்டுக் கும்பிடுவதில்லை. பதிகம் தொடர்ந்தது, விழா தொடர்ந்தது, கல்லறையைத் தேடிவரும் வழக்கம் தொடர்ந்தது. அதனால் ஊரும் தொடர்ந்தது. வார்சாவின் சதுக்கத்துக்கும் இதே நியாயம்தான். அங்கே செங்கல் புதிது. அதைத் திருப்பி வைத்தே தீருவது என்ற மனவுறுதி அந்த ஊரின் மிகப் பழைய சொத்து. என் கணக்கில் வார்சா அசல் நகரம்தான்.

இதற்கு நேர் எதிரான காட்சியையும் பார்த்துவிட்டு வாருங்கள். கிராக்கோவில் கசிமியெஷ் என்ற பகுதி நூற்றாண்டுகளாக யூதர்கள் வாழ்ந்த இடம். ஜெபக்கூடங்கள் நிற்கின்றன, தெருக்கள் நிற்கின்றன. மக்களைத்தான் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் கொன்றுவிட்டார்கள். போருக்கு முன் போலந்தில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் உயிர் தப்பவில்லை. கட்டடம் பிழைத்து மனிதர்கள் அழிந்த இடம் இது. இங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் ஆஷ்விட்ஸ் முகாம் நினைவிடம். முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு போங்கள். அங்கே செல்ஃபி எடுக்க வேண்டாம். அன்றைக்கு வேறு எந்த ஊரையும் திட்டத்தில் வைக்காதீர்கள்.

நேரம் மிச்சமிருந்தால் வடக்கே போய், கோபர்நிகஸ் 1473-இல் பிறந்த டோருனையும், 1945-இல் தரைமட்டமாகித் திரும்ப எழுந்த துறைமுக நகரமான கிடான்ஸ்கையும் பாருங்கள்.

போலந்துக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று நினைத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். வாண்டா டினோவ்ஸ்கா என்ற போலந்துப் பெண்மணி 1935-இல் தனியாக இந்தியாவுக்கு வந்தார். அடையாற்றில் ஆலமரம் நிற்கும் பிரம்மஞான சபைதான் அவரை இழுத்து வந்தது. காந்தி அவரை உமாதேவி என்று அழைத்தார். 1944-இல், வார்சா எரிந்த அதே ஆண்டில், வார்சாவில் பிறந்த மாரிஸ் ஃப்ரீட்மனோடு சேர்ந்து சென்னையில் போலந்து–இந்திய நூலகம் என்ற வெளியீட்டு வரிசையைத் தொடங்கினார். பகவத்கீதையைப் போலிஷ் மொழிக்குக் கொண்டுபோனார். கடைசிக் காலத்தில் திபெத்திய அகதிகளுக்காக உழைத்து, 1971-இல் இந்த மண்ணிலேயே காலமானார். ஊர் பார்க்க வருகிறவர்கள் புகைப்படத்தோடு திரும்பிவிடுவார்கள். அவர் இங்குள்ள மொழிகளையும் நூல்களையும் கற்று, தன் மக்களுக்கு எழுதி அனுப்பினார். தனிப் பயணம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவரைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறும் முன், பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கி, லஸ்ஸிலிருந்து சாந்தோம் வரை தனியாக நடந்து பாருங்கள். மதியத்தில் கோயில் நடை சாத்தியிருக்கும் என்பதால் கபாலீசுவரரை முதலில் பார்த்துவிடுங்கள். நோட்டுப் புத்தகத்தில் அந்த மூன்று கேள்விகளையும் எழுதி, கிடைத்த விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே நோட்டை வார்சாவுக்கும் எடுத்துப் போங்கள்.