ஸீரோ: ஒரு சொல்லின் ஸனத்

தொலைபேசி இலக்கம் சொல்லும்போது எங்கட பெரியவர்கள் "சைபர் ஏழு ஏழு" என்றுதான் தொடங்குவார்கள். பிள்ளைகள் "ஸீரோ செவன் செவன்" என்பார்கள். பாடப் புத்தகத்தில் அது பூச்சியம். சோதனைத் தாளில் விழுந்துவிட்டால் முட்டை. இவற்றுள் சைபரும் ஸீரோவும் ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள்.

அந்தச் சொல் 'ஸிஃப்ர்'. எண்ணுக்குப் பெயராகுமுன் அதற்கு 'வெறுமை' என்றே பொருள். துஆவுக்காக ஏந்திய கைகளை வெறுமையாகத் திருப்பிவிட அல்லாஹ் வெட்கப்படுகிறான் என்ற கருத்தில் அபூதாவூத், திர்மிதீ தொகுப்புகளில் ஒரு ஹதீஸ் வருகிறது. அங்கே 'வெறுமையாக' என்ற இடத்தில் நிற்பது இச்சொல்தான். அதில் கணக்கு இல்லை, வெறுங்கை மட்டுமே.

கணக்கு இந்தியாவிலிருந்து வந்தது. 628இல் பிரம்மகுப்தர் பூச்சியத்தைக் கூட்டவும் கழிக்கவும் விதிகள் எழுதினார். வடமொழியில் அதன் பெயர் சூன்யம்; அதுவும் வெறுமைதான். அப்பாஸியர் காலத்து பக்தாதில் இந்திய வானியல் நூல்கள் அரபுக்குப் பெயர்க்கப்பட்டன. அரபிகள் சூன்யத்தின் ஒலியை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் அது 'ஸிஃப்ர்' ஆயிற்று.

ஐரோப்பாவுக்குள் இச்சொல் இரண்டு வாசல்களால் நுழைந்தது. லத்தீனில் 'ஸிஃப்ரா' ஆகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'சைஃபர்' ஆனது ஒன்று. அதுவே நம்மிடம் சைபராக வந்து சேர்ந்தது. மற்றதைத் திறந்தவர் பீசா நகரத்து லியனார்டோ. ஃபிபொனாச்சி என்று உலகம் அறிந்தவர். தகப்பனாரின் சுங்க வேலை காரணமாக அல்ஜீரியக் கரையிலுள்ள புஜியாவுக்குப் போய் அங்கே இந்தக் கணக்கைப் படித்தார். 1202இல் தன் நூலில் அவர் எழுதிய 'ஸெஃபிரும்' இத்தாலிய நாவில் சுருங்கி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'ஸீரோ' ஆனது.

ஆங்கிலத்தில் மூத்தது சைஃபர்தான். வெறும் பூச்சியமாக இருந்த அது, எந்த இலக்கத்தையும் குறிக்கலாயிற்று. இலக்கங்களால் இரகசியம் எழுதியதால் இரகசிய எழுத்தும் ஆயிற்று. செல்வாக்கில்லாத மனிதனையும் 'சைஃபர்' என்பார்கள். நம் ஊரிலும் "அவன் ஒரு சைபர்" என்றால் விளங்கும்தானே!

ஸீரோவுக்கு வேறு வாழ்க்கை. தாக்குதல் தொடங்கக் குறித்த நேரம் 'ஸீரோ அவர்'. முதலாம் உலகப் போர் பரப்பிய வழக்கு இது. அணுகுண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழேயுள்ள நிலம் 'கிரவுண்ட் ஸீரோ'. 2001க்குப் பின் நியூயோர்க் கோபுரங்கள் விழுந்த இடத்துக்கும் அதுவே பெயராகியது. எள்ளளவும் விட்டுக்கொடாத கண்டிப்பு 'ஸீரோ டொலரன்ஸ்'.

இங்கே ஒரு எச்சரிக்கை. பத்திரிகைகளில் வரும் 'சைபர் குற்றம்' நம்முடைய சைபர் அல்ல. அது சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றன, அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் உண்டு. "பூச்சியத்தைக் கண்டுபிடித்ததே முஸ்லிம்கள்தான்" என்று நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறேன். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதிலிருந்து இம்முறையை விளக்கிய அல் குவாரிஸ்மியே அதை இந்தியக் கணக்கு என்றுதான் அறிமுகப்படுத்தினார். லியனார்டோவும் இலக்கங்களை இந்தியருக்கும், ஸெஃபிரும் என்ற பெயரை அரபிகளுக்கும் உரியதாகப் பிரித்தே எழுதினார். யாரிடமிருந்து பெற்றோம் என்று சொல்ல இருவருமே கூச்சப்படவில்லை.

இச்சொல்லுக்கு முழுமையான ஸனத் இருக்கிறது: சூன்யம், ஸிஃப்ர், ஸெஃபிரும், ஸீரோ. அதில் நம்மவர்களின் இடம் சிறியதல்ல. பெற்றார்கள், விளக்கினார்கள், பெயர் வைத்துக் கொடுத்தார்கள். ஆனால் முதல் அறிவிப்பாளரை விழுங்கிவிட்டுப் பெருமை பேசுவது, ஸனதைப் பேணுவதையே ஒரு கலையாக வளர்த்த சமூகத்துக்கு அழகல்ல. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வரிசையை முழுதாகவே சொல்லிக் கொடுப்போம்.