சர்க்கரை வாங்கக் கூடிய சங்கம், காப்பிக்காட்டுக்குக் காவலான கதை

மெக்சிகோவின் பூவெப்லா மாநிலத்தின் வடக்கு மலைத்தொடரில் குவெட்சாலன் என்றொரு ஊர் இருக்கிறது. 1977இல் அதைச் சுற்றியுள்ள கிராமங்களின் நாவா பழங்குடி விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்தார்கள். காப்பிக்காகவும் இல்லை, காட்டுக்காகவும் இல்லை, சர்க்கரைக்காக! உள்ளூர் வியாபாரிகள் வைத்ததுதான் விலை என்றிருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, வெளியிலிருந்து மொத்தமாகச் சர்க்கரை வாங்கிப் பங்கிட்டுக்கொண்டார்கள். வியாபாரி இல்லாமலும் பிழைக்கலாம் என்று தெரிந்துவிட்டது. அவர்களுடைய காப்பியை அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டிருந்ததும் அதே வியாபாரிகள்தானே! 'தோசெபன் திதாதானிஸ்கே' (சேர்ந்து வெல்வோம்) என்ற கூட்டுறவு இப்படித்தான் பிறந்தது.

இவர்களுடைய காப்பித் தோட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் தோட்டம் என்றே தெரியாது. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் மலைச்சரிவு. மேலே உயர்ந்த காட்டு மரங்கள். அவற்றுக்குக் கீழே வாழை, ஆரஞ்சு, சப்போட்டா வகைகள், கிராம்பும் பட்டையும் கலந்த மணமுள்ள ஒரு மிளகு மரம். இவற்றுக்கெல்லாம் அடியில், ஆள் உயரத்துக்குக் காப்பிச் செடி. நிழலுக்கென்றே வளர்ப்பது இங்கா என்னும் மரம். அதன் நீண்ட காய்க்குள் இருக்கும் வெள்ளைச் சதையைப் பிள்ளைகள் தின்பார்கள், நம் பிள்ளைகள் கொடுக்காப்புளியைத் தின்பது போல. கொடுக்காப்புளியும் அந்தப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி நம்மிடம் வந்த மரம்தான்.

காப்பிக்கு எதற்கு நிழல்? அராபிகா காப்பியின் பூர்வீகம் எத்தியோப்பியாவின் மலைக்காடு. அங்கே அது பெருமரங்களின் காலடியில் வளரும் சிறு செடி. உச்சி வெயில் முழுவதையும் பயன்படுத்த அதன் இலைக்குத் தெரியாது. ஒரு பங்கு ஒளியிலேயே அதற்கு வயிறு நிறைந்துவிடும். வெட்டவெளியில் நட்டால் அளவுக்கு மீறிப் பூத்து, தாங்க முடியாமல் காய்த்து, மறு ஆண்டு சோர்ந்துபோகும். உரத்தை அள்ளிக் கொட்டினால்தான் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்கும். நிழலில் காய்ப்பு குறைவு. ஆனால் பழம் நிதானமாகப் பழுக்கிறது, செடி நெடுநாள் நிற்கிறது. இங்கா அவரைக் குடும்பத்து மரம் என்பதால் அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைக்கின்றன. உதிரும் இலை மண்ணை மூடி, அந்தப் பேய்மழையில் சரிவு கரைந்துவிடாமல் காக்கிறது.

அந்த மலையில் எனக்கு மிகவும் பிடித்தது தேனீ வளர்ப்புதான். கொட்டத் தெரியாத சிறு தேனீ, நம் கொசுத்தேனீக்கு உறவு. இரண்டு மண்பானைகளை வாயோடு வாய் வைத்து ஒட்டினால் அதுவே கூடு. வீட்டுத் தாழ்வாரத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். அராபிகா தன் மகரந்தத்திலேயே காய்க்கக்கூடியதுதான். ஆனாலும் தேனீ வந்து போனால் காய் கூடும்.

இப்படிப்பட்ட காட்டை வெட்டச் சொன்னதும் ஒரு கட்டத்தில் அரசாங்கம்தான். 1958இல் தொடங்கிய மெக்சிகோ காப்பி நிறுவனம் விவசாயிக்குக் கடன் கொடுத்தது, காப்பியை வாங்கியது, கூடவே ஆலோசனையும் சொன்னது. 1970களில் லத்தீன் அமெரிக்காவையே ஒரு பயம் ஆட்டிக்கொண்டிருந்தது: இலைத்துரு நோய். 1869இல் இலங்கையில் தலைகாட்டி, தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் தழைத்திருந்த காப்பித் தோட்டங்களை அழித்து, அந்த மலைகளைத் தேயிலைக்கு மாற்றிய அதே பூஞ்சை. 1970இல் பிரேசிலிலும் 1981இல் மெக்சிகோவிலும் நுழைந்தது. நிழலை எடுத்தால் இலை ஈரம் காயும், பூஞ்சை பிடிக்காது என்பது வாதம். குட்டை ரகங்களை நெருக்கி நடு, உரம் போடு, மரத்தை வெட்டு என்றார்கள்.

பல இடங்களில் வெட்டினார்கள். சிறு விவசாயிகள் பலர் வெட்டவில்லை. இதை இயற்கைப் பற்று என்று மட்டும் சொல்லிவிட்டால் கதை அழகாக இருக்கும், ஆனால் பாதிதான் உண்மை. சில ஏக்கர் வைத்திருப்பவனுக்கு அந்த மரம்தான் விறகு, பழம், வீட்டுக்கு உத்திரம், கைச்செலவுக்குக் காசு. உரம் வாங்கப் பணமும் கிடையாது. காப்பி விலை விழுந்தால் மற்ற மரங்கள் சோறு போடும் என்ற கணக்கு அவனுக்குத் தெரிந்திருந்தது.

1989இல் அந்தக் கணக்கு சோதனைக்கு வந்தது. ஜூலையில் நாடுகளுக்கிடையிலான காப்பிப் பங்கீட்டு ஒப்பந்தம் முறிந்து உலக விலை சரிந்தது. அரசு நிறுவனமும் கொள்முதலிலிருந்து கையை உதறத் தொடங்கியது. போதாக்குறைக்கு டிசம்பரில் உறைபனி விழுந்து மலைத்தோட்டங்களைக் கருக்கியது. 'கொயோட்டே' (நரி) என்று அங்கே அழைக்கப்படும் இடைத்தரகர்களுக்கு மறுபடியும் கொண்டாட்டம்.

சங்கமாக இருந்தவர்கள் தப்பித்தார்கள். தெற்கே ஓஹாகா மாநிலத்தில் சபோதெக், மிஹே பழங்குடிகள் 1983இல் 'ஊசிரி' என்ற சங்கத்தைக் கட்டியிருந்தார்கள். அவர்களோடு இருந்த டச்சுப் பாதிரியார் பிரான்ஸ் வான் டெர் ஹோப், தன் நாட்டு நண்பர்களோடு சேர்ந்து 1988இல் நெதர்லாந்தில் 'மாக்ஸ் ஹாவெலார்' முத்திரையைக் கொண்டுவந்தார். சந்தை எவ்வளவு இறங்கினாலும் விவசாயிக்கு ஒரு குறைந்தபட்ச விலை உண்டு என்பது அதன் உறுதி. 'நியாய வணிகம்' என்று இன்று கடைகளில் பார்க்கும் முத்திரைகளுக்கு முன்னோடி அது. குவெட்சாலன்காரர்கள் இன்னொரு வழியும் கண்டார்கள்: மணமிளகை ஏற்றுமதி செய்தார்கள், தேனை விற்றார்கள், 1998இல் சொந்தமாகச் சேமிப்பு வங்கி தொடங்கினார்கள். கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும்வரை எவனும் மரத்தை விட்டுவைக்க முடியாது. அந்த வங்கிதான் காட்டுக்கு உண்மையான வேலி என்பது என் எண்ணம்.

நிழல் எல்லா நோய்க்கும் மருந்தல்ல. 2012, 2013 வாக்கில் இலைத்துரு மீண்டும் சீறியபோது நிழலில் நின்ற பழைய ரகங்களும் ஏராளமாகச் செத்தன. நோய் தாங்கும் ரகங்களின் நாற்றை அதே மரங்களின் அடியில் நட வேண்டியதாயிற்று. புதுச்செடி ஓரளவுக்குக் காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். வெட்டவெளியில் காப்பியை மட்டும் நட்டவனுக்கு அத்தனை ஆண்டும் வருமானம் கிடையாது. மலைக்காட்டுக்காரர்களோ மிளகையும் வாழையையும் தேனையும் விற்றுக்கொண்டு காத்திருந்தார்கள்.